ஓரணாக் கொசுவும் நோபல் பரிசும்



கொசுவைப் பற்றி நம்ம நங்கநல்லூர்க்காரர்களிடம் புதுசாகச் சொல்ல என்ன இருக்கிறது? சாயங்காலம் ஆனால் ஜன்னலைச் சாத்துகிறோம். ராத்திரி கொசு பேட்டை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அலைகிறோம். மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, கிணற்றுக்கு வலை போட்டிருக்கிறதா என்று பார்க்க கார்ப்பரேஷன் ஆட்கள் வந்தால் மட்டும் அலுத்துக்கொள்கிறோம். அந்தத் தொட்டியை ஏன் மூடச் சொல்கிறார்கள் என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு மனிதரின் பதினேழு வருஷ உழைப்பு இருக்கிறது. அவர் இந்தியாவில் பிறந்தவர். டாக்டர் வேலையை நம் சென்னையில் ஆரம்பித்தவர். நம்மில் பலரைப் போலவே பரீட்சையில் கோட்டை விட்டவர்! அவர்தான் சர் ரொனால்ட் ராஸ்.

மெடிக்கல் லேப் டெக்னாலஜி படிக்கும் நான் அவருடைய கதையை இந்த மலரில் எழுத விரும்பியதற்குக் காரணம் உண்டு. ஒரு கிருமியைக் கண்ணால் பார்த்து இதுதான் என்று சொல்வது எவ்வளவு கஷ்டமான வேலை என்பதை அவர் வாழ்க்கையைப் போல வேறு எதுவும் எனக்குப் புரியவைக்கவில்லை.

பிறப்பும் படிப்பும்

1857-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி மீரட்டில் சிப்பாய்ப் புரட்சி வெடித்தது. அதற்கு மூன்றாம் நாள், மே 13-ஆம் தேதி, இமயமலை அடுக்கில் உள்ள அல்மோராவில் ராஸ் பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் மூத்தவர் ராஸ். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

பையனுக்கு ஓவியம் பிடிக்கும், கவிதை பிடிக்கும், இசை பிடிக்கும், கணக்கு ரொம்பப் பிடிக்கும். மருத்துவம் மட்டும் பிடிக்காது! ஆனால் அப்பா சொல்லிவிட்டார், டாக்டர்தான் ஆக வேண்டும் என்று. வேண்டாவெறுப்பாக லண்டன் செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனைக் கல்லூரியில் சேர்ந்தார். 1879-ல் ஒரு பரீட்சை தேறியது, இன்னொன்று போய்விட்டது. நம்ம பாஷையில் சொன்னால் அரியர்! அமெரிக்கா போய்வரும் கப்பலில் டாக்டராக வேலை பார்த்தார். விட்ட பரீட்சையை மறுபடி எழுதித் தேறி, 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது சென்னை மாகாணம்.

சென்னையும் பெங்களூரும்

சென்னையில் காய்ச்சலோடு வரும் சிப்பாய்களுக்குக் கொய்னா கொடுப்பதுதான் வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வந்து உடம்பைத் தூக்கிப் போடும் அந்தக் காய்ச்சலை நம் கிராமங்களில் முறைக்காய்ச்சல் என்பார்கள். வெள்ளைக்காரர்கள் மலேரியா என்றார்கள். கெட்ட காற்று என்று அர்த்தம். சதுப்பு நிலத்திலிருந்து வரும் கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்று அப்போது நம்பினார்கள்.

1883-ல் ராஸ் பெங்களூருக்கு மாற்றலானார். தங்கிய பங்களாவில் கொசுத் தொல்லை தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒரு தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைப் பார்த்து அதைக் கவிழ்த்துவிட்டார். கொசு குறைந்துவிட்டது! அந்தக் கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அன்றைக்கு அவருக்கே தெரியாது.

1888-ல் விடுமுறையில் லண்டன் போனவர் பொது சுகாதாரத்தில் ஒரு டிப்ளமோ வாங்கினார். ஆமாம் நண்பர்களே, நம்மைப் போல டிப்ளமோதான்! கூடவே பாக்டீரியாவியலும் படித்தார். மைக்ராஸ்கோப் அவர் கைக்குப் பழகியது.

கண் எதிரே இருந்தும் தெரியவில்லை

இதற்கு முன்பே, 1880 நவம்பர் 6-ஆம் தேதி, அல்ஜீரியாவில் இருந்த பிரெஞ்சு ராணுவ டாக்டர் லாவெரான் ஒரு நோயாளியின் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைப் பார்த்துவிட்டார். அதில் கறுப்புப் பொடி போன்ற நிறத்துகள்கள் இருந்தன. சிவப்பணுவைத் தின்று அந்தக் கிருமி விட்டுவைக்கிற கழிவு அது. கிருமிக்கு அதுதான் கையெழுத்து மாதிரி.

ராஸும் இந்தியாவில் நோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அதனால் லாவெரான் சொன்னதே தப்பு, மலேரியா குடலில் உண்டாகும் விஷத்தால் வருவது என்று கட்டுரையே எழுதிவிட்டார்!

1894-ல் லண்டனில் பேட்ரிக் மான்சன் என்ற டாக்டரைச் சந்தித்தார். யானைக்கால் நோய்ப் புழு கொசுவின் உடம்பில் வளர்கிறது என்று சீனாவில் இருந்தபோதே காட்டியவர் மான்சன். அவர் ஒரு ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து, எங்கே பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ராஸ் பார்த்தார். கிருமி இருந்தது!

மைக்ராஸ்கோப் இருந்தால் மட்டும் போதாது. தேடுவது எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லித்தர ஒரு ஆசிரியரும் வேண்டும்.

இரண்டு வருஷம், தப்பான கொசு

மலேரியாவையும் கொசு சுமக்கலாம் என்பது மான்சனின் யூகம். ஆனால் கொசு தண்ணீரில் செத்து விழும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வரும் என்று அவர் நினைத்தார். இந்த யூகத்தோடு 1895-ல் செகந்திராபாத் வந்தார் ராஸ். நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து, உள்ளே கொசுவை விட்டு, கடித்த கொசுக்களைப் பிடித்து ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். கொசு கலந்த தண்ணீரைக் கூலி கொடுத்துச் சிலரைக் குடிக்கவும் வைத்தார். இன்றைக்கு அப்படி யாரும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அதில் பலனும் கிடைக்கவில்லை.

இரண்டு வருஷம் போனது. சாம்பல் நிறக் கொசு, பழுப்பு நிறக் கொசு என்று பார்த்துப் பார்த்து எதிலும் ஒன்றுமில்லை. அவர் பார்த்ததெல்லாம் இன்று நாம் கியூலெக்ஸ், ஏடிஸ் என்று சொல்லும் வகைகள். மனித மலேரியாவை அவை சுமப்பதே இல்லை! முறை சரி, உழைப்பு சரி, எடுத்த மாதிரிதான் தப்பு. லேபில் சாம்பிள் தப்பானால் எவ்வளவு நல்ல மைக்ராஸ்கோப் இருந்தும் பிரயோஜனமில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் உண்டா?

1897-ல் விடுமுறைக்கு நம் ஊட்டிக்கு வந்தார். அங்கிருந்து மலைக்குக் கீழே சீகூர் பக்கம் போனவருக்கு, கொசுவலைக்குள் படுத்தும் மலேரியா வந்துவிட்டது. ஆனால் அங்கேதான் சுவரில் ஒரு வித்தியாசமான கொசுவைப் பார்த்தார். மற்ற கொசு மாதிரி உடம்பைச் சுவரோடு ஒட்டி உட்காராமல், வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இறக்கையில் புள்ளிகள். அதுதான் அனாபிலிஸ் இனம். நீலகிரி அடிவாரம் அவருக்குக் காய்ச்சலையும் கொடுத்தது, வழியையும் காட்டியது.

ஆகஸ்ட் 20

செகந்திராபாத் திரும்பியவர் புள்ளி இறக்கைக் கொசுவைத் தேடச் சொன்னார். ஆகஸ்ட் மாதத்தில் அவருடைய உதவியாள் ஒருவர் பிடித்துவந்த புழுக்களிலிருந்து அந்த வகைக் கொசுக்கள் வெளிவந்தன. ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளி, கொசுக்கடி வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். கடிக்கும் ஒரு கொசுவுக்கு ஓரணா கூலி!

வெக்கை இன்னும் தணியவில்லை. விசிறி போட்டால் அறுத்துவைத்த கொசு பறந்துவிடும் என்று விசிறியும் கிடையாது. நெற்றி வியர்வை பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருவேறிப்போயிருந்தன. ஒவ்வொரு கொசுவாக அறுத்துப் பார்த்து, கடைசியில் மிச்சமிருந்தவை இரண்டே இரண்டு.

1897 ஆகஸ்ட் 20. அந்த இரண்டில் ஒன்றை அறுத்தார். வயிற்றுச் சுவரில் இதுவரை பார்க்காத வட்டமான செல்கள். அவற்றுக்குள் கறுப்புத் துகள்கள்! நோயாளியின் ரத்தத்தில் பார்த்த அதே கையெழுத்து! மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தார். அதே செல்கள், ஆனால் முந்தைய நாளைவிடப் பெரியவை. அப்படியென்றால் அது ஏதோ தூசு இல்லை. உயிருள்ளது, வளர்கிறது. ஒரு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு ஸ்லைடுகள் அதை நிரூபித்துவிட்டன. அந்த ஆகஸ்ட் 20-ஐத்தான் இன்று உலகக் கொசு தினம் என்கிறோம்.

கல்கத்தாவின் சிட்டுக்குருவிகள்

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்குப் பிறகு அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? மலேரியா அதிகம் இல்லாத ராஜபுதனத்து கேர்வாராவுக்கு அவரை மாற்றிவிட்டது! மான்சன் லண்டனில் இருந்தபடி பேசிப் பேசி, 1898-ல் கல்கத்தாவில் ஆராய்ச்சிப் பணி வாங்கிக்கொடுத்தார். ஆனால் அங்கே பிளேக் பீதி. ஊசி என்றாலே ஜனங்கள் ஓடினார்கள். விரலில் குத்த யாரும் சம்மதிக்கவில்லை.

ராஸ் பறவைகளிடம் போனார். சிட்டுக்குருவிக்கும் மலேரியா வரும், அதைப் பரப்புவது கியூலெக்ஸ் கொசு. முகமது பக்ஸ் என்ற உதவியாளர் அவருக்குக் கொசு பிடித்தார், பறவைகளைப் பராமரித்தார், இரவும் பகலும் கூடவே நின்றார். 1898 ஜூலையில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமியைக் கண்டார் ராஸ். அதாவது நோய் தண்ணீரில் வரவில்லை, கடியில் வருகிறது! நோயுள்ள பறவையைக் கடித்த கொசு, நல்ல பறவையைக் கடித்ததும் அதற்கும் நோய் வந்தது. மான்சனின் தண்ணீர் யூகம் அதோடு முடிந்தது. மனிதரிலும் இப்படித்தான் என்று அதே ஆண்டு இறுதியில் இத்தாலியில் கிராஸியும் அவருடைய நண்பர்களும் அனாபிலிஸ் கொசுவை வைத்து நிரூபித்தார்கள். யார் முதலில் என்று ராஸுக்கும் கிராஸிக்கும் நடந்த சண்டை வருஷக்கணக்கில் ஓடியது. பெரியவர்களும் மனிதர்கள்தானே!

1899-ல் ராஸ் இந்தியாவை விட்டு லிவர்பூல் போய், வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். 1902-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்திய மண்ணில் பிறந்து நோபல் பரிசு வாங்கிய முதல் மனிதர் அவரே. லாவெரானுக்கு 1907-ல் கிடைத்தது.

நோபலுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம்

நோபல் பரிசைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். ஆனால் லேப் மாணவியான எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, 1903-ல் அவர் சொன்ன ஒரு சின்ன யோசனை. ரத்தத்தை ஸ்லைடில் மெல்லிசாக இழுத்துப் பூசினால் ஒரு பார்வையில் கொஞ்சம் ரத்தம்தான் கண்ணில் படும். கிருமி குறைவாக இருந்தால் தப்பிவிடும். அதற்குப் பதில் சொட்டைத் தடிமனாகவே காயவிட்டு, சிவப்பணுக்களின் நிறத்தைக் கரைத்து வெளியேற்றிவிட்டால்? கிருமி மட்டும் மிஞ்சும், பல மடங்கு ரத்தத்தை ஒரே நேரத்தில் தேடலாம். இதுதான் தடித்த ஸ்மியர். இன்றும் மலேரியா ஸ்லைடில் ஒரு பக்கம் தடித்த ஸ்மியர், இன்னொரு பக்கம் மெல்லிய ஸ்மியர் என்று இரண்டையும் போடுகிறோம்.

ஏன் இரண்டு? தடித்தது, கிருமி இருக்கிறதா என்று சொல்லும். மெல்லியது, என்ன வகைக் கிருமி என்று சொல்லும். மெல்லிய ஸ்மியரை மெத்தனாலில் நிலைப்படுத்துவதால் சிவப்பணு உடையாமல் இருக்கும். அது பெருத்திருக்கிறதா, உள்ளே வளையம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வைவாக்ஸா, ஃபால்சிபாரமா என்று பிரிக்கலாம். இது வெறும் பெயர் விஷயம் இல்லை நண்பர்களே! வைவாக்ஸ் கல்லீரலில் ஒளிந்திருந்து மறுபடி வரும், அதை விரட்டப் பதினாலு நாள் பிரைமாகுயின் வேண்டும். ஃபால்சிபாரம் மூளைக்குப் போய் உயிரையே எடுத்துவிடும், அதற்கு மருந்து வேறு. வகையைத் தப்பாகச் சொன்னால் மருந்தும் தப்பாகிவிடும்.

சாயம் போடுவதிலும் நம் நாட்டுக்குப் பங்கு உண்டு. ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்ற இரண்டு இந்திய விஞ்ஞானிகள் 1944-ல் உருவாக்கியதுதான் ஜே.எஸ்.பி. ஸ்டெயின். செலவு குறைவு, நேரம் குறைவு. லட்சக்கணக்கான ஸ்லைடு பார்க்க வேண்டிய நம் நாட்டுக்கு அது பெரிய வரம்.

இப்போது வேறு முறைகளும் வந்துவிட்டன. ரேபிட் கார்டு டெஸ்டில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் பதினைந்து இருபது நிமிஷத்தில் கோடு விழும். கரண்ட் வேண்டாம், மைக்ராஸ்கோப் வேண்டாம், மலைக்கிராமத்திலும் செய்யலாம். ஆனால் அது கிருமியைக் காட்டாது, கிருமி விடும் புரதத்தைத்தான் காட்டும். ஃபால்சிபாரம் நோயாளி குணமான பிறகும் சில வாரம் கோடு விழலாம். அந்தப் புரதத்தை உண்டாக்காத ஃபால்சிபாரம் கிருமிகளும் இருக்கின்றன, அவை கார்டில் தப்பிவிடும். எத்தனை கிருமி என்ற எண்ணிக்கையும் கிடைக்காது.

கியூ.பி.சி. முறையில் மெல்லிய குழாயில் ரத்தத்தைச் சுழற்றி, ஒளிரும் சாயத்தில் பார்க்கிறோம். சீக்கிரம் தெரியும், ஆனால் வகை பிரிப்பது கஷ்டம், கருவியும் விலை அதிகம். பி.சி.ஆர். முறை கிருமியின் டி.என்.ஏ.வையே பெருக்கிக் காட்டும். மைக்ராஸ்கோப்பில் அகப்படாத கொஞ்சநஞ்சக் கிருமியும் அதில் அகப்படும், வகையும் துல்லியமாகத் தெரியும். ஆனால் மணிக்கணக்கில் ஆகும், மெஷின் வேண்டும், பணம் வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு உடம்பு தூக்கிப்போட்டு வரும் நோயாளிக்கு அதுவரை காத்திருக்க முடியுமா?

ஆகவே எது சிறந்த முறை என்று கேட்பதைவிட, எந்தக் கேள்விக்கு எந்த முறை என்று கேட்பதே சரி. அவசரத்துக்கு கார்டு. வகைக்கும் எண்ணிக்கைக்கும், மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கும் ஸ்மியர். ஆராய்ச்சிக்கும் சந்தேகம் தீர்க்கவும் பி.சி.ஆர். ஒவ்வொரு முறைக்கும் ஒரு கண் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குருட்டுப் பக்கமும் உண்டு.

இல்லை என்று எழுதும் முன்

என் அப்பா கட்டிட வேலை செய்பவர். கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் வந்திருக்கிறது. ஒரு லேபில் ரத்தம் பார்த்து மலேரியா இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு பத்து நாள் கூலி போனது, உடம்பும் போனது. பிறகு வீட்டுக்கு வந்த மலேரியா ஊழியர் விரலில் குத்தி ஸ்லைடு எடுத்துப் போனார். வைவாக்ஸ் என்று ரிப்போர்ட் வந்தது.

அப்பா வேலை செய்த இடத்தில் செங்கல் நனைக்கத் தண்ணீர் தேக்கிவைத்திருப்பார்கள். நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி கொசுவுக்கு அந்த மாதிரித் தேங்கிய நல்ல தண்ணீர், மொட்டைமாடித் தொட்டி, கிணறு எல்லாம்தான் வீடு. ராஸ் பெங்களூரில் கவிழ்த்த தொட்டி எனக்கு அப்போதுதான் புரிந்தது!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நாளைக்கு நான் போடும் கையெழுத்தை நம்பி யாரோ ஒரு கூலித் தொழிலாளி மாத்திரை வாங்குவார், அல்லது வாங்காமல் போவார். ஆயில் இம்மர்ஷனில் குறைந்தது நூறு ஃபீல்டு பார்க்காமல் இல்லை என்று எழுதக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஒரு ஸ்லைடில் கிடைக்காவிட்டால், காய்ச்சல் தொடர்ந்தால், அடுத்தடுத்த நாளும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். முதிர்ந்த ஃபால்சிபாரம் கிருமி உள்ளுறுப்புகளின் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, விரல் ரத்தத்தில் வராமலே இருக்கும். பார்க்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்று ஆகாது. ராஸ் லாவெரானை மறுத்தது அந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

கடைசி நாட்கள்

ராஸ் பிற்காலத்தில் சியாரா லியோன், மொரீஷியஸ் என்று பல நாடுகளுக்குப் போய்க் கொசு ஒழிப்புக்கு வழி சொன்னார். சின்ன வயதில் பிடித்த கணக்கும் கைகொடுத்தது. எல்லாக் கொசுவையும் கொல்ல வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாக அடங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1911-ல் சர் பட்டம் வந்தது. 1926-ல் லண்டனில் அவர் பெயரில் ராஸ் நிலையம் திறந்தார்கள். 1927-ல் கல்கத்தா வந்து, தான் வேலை செய்த மருத்துவமனை வாசலில் தன் நினைவுச் சின்னத்தைப் பார்த்தார். 1932 செப்டம்பர் 16-ஆம் தேதி லண்டனில் காலமானார்.

நாடு சுதந்திரம் அடைந்தபோது இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடி பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்று மதிப்பிட்டார்கள். 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, 1965-ல் நோயாளிகள் சுமார் 1 லட்சமாகக் குறைந்தார்கள். கொஞ்சம் அசந்தோம், 1976-ல் 64 லட்சத்தைத் தாண்டியது! இப்போது மறுபடி வெகுவாகக் குறைத்துவிட்டோம், சென்னையிலும்தான். ஆனால் 1976 நமக்கு ஒரு எச்சரிக்கை. நோய் குறையக் குறைய ஸ்லைடில் கிருமி கிடைப்பதும் அபூர்வமாகும். பார்க்கிற கண்ணுக்குப் பழக்கம் விட்டுப்போகும். அப்போதுதான் அது தப்பிக்கும்.

ராஸ் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. ஓரணாவுக்குக் கடி வாங்கிய ஹுசேன் கானையும், குருவிகளோடு ராத்திரி விழித்த முகமது பக்ஸையும், புழு பிடித்துவந்த பெயர் தெரியாத அந்த உதவியாளையும் எத்தனை பேர் நினைக்கிறோம்? லேபில் நாம் செய்யப் போகும் வேலை பெரும்பாலும் அவர்கள் செய்த வேலைதான். பெயர் வெளியே தெரியாது. ஆனால் அது இல்லாமல் டாக்டரால் ஒரு மாத்திரையும் சரியாக எழுத முடியாது.

எனவே நண்பர்களே, அரியர் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம், ராஸும் வைத்திருந்தார்! மைக்ராஸ்கோப் முன் உட்காருபவர்கள் அவசரப்பட வேண்டாம், அவர் பார்த்தது கடைசிக்கு முந்தைய கொசுவில்! மற்றவர்கள் எல்லாரும் இன்று வீட்டுக்குப் போனதும் மொட்டைமாடி ஏறி, தொட்டியின் மூடியைச் சரியாக மூடுங்கள்.



— மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பிரிவு மாணவி, நங்கநல்லூர்